கதிர் வைத்த கொறங்காடு

மூன்றாவது கதிரையும் ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு பாவாயி ஓடினாள். கிளுவை வேலியின் முள்ளில் சேலை மாட்டிக் கிழிந்ததை அவள் பார்க்கவில்லை, பின்னால் அவள் மாடு மயிலை கத்தியது அவள் காதில் விழவில்லை, இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் தண்ணீர்க்குடத்தோடு எதிரே வந்த சரசாள், "ஏனுங்க்கா, ஆருக்கு என்னாச்சு?" என்று கேட்டதற்கு நின்று பதில் சொல்லவில்லை. மாகாளியாத்தா கோயில் வாசலுக்குப் போய்த்தான் மூச்சு விட்டாள். சேலைக் கிழிசலிலிருந்து ஒரு நூலை உருவி மூன்று கதிர்களையும் சேர்த்து முடிந்து, வாசல்நிலையின் ஆணியில் தொங்கவிட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கீழே இறக்கும்போதுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் குடத்தை வழியிலேயே வைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்திருந்த சரசாள் ஆணியில் ஆடிய கதிரை விரலால் நிமிண்டி, உதிர்ந்த நாலு மணியை வாயில் போட்டு மென்று, "கம்பு" என்றாள். பிறகு தெருப்பக்கம் திரும்பி இன்னும் சத்தமாக, "கம்பு!" என்றாள்.

அந்தக் கதிர்கள் கம்பங்காட்டில் விளைந்தவை அல்ல. மூன்று வருஷமாக மழை இல்லாத அந்த ஊரில் கம்பங்காடு என்று ஒன்று இல்லவே இல்லை. அவை பாவாயியின் கொறங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லில் விளைந்திருந்தன. கொறங்காடு என்பது உழாமல், விதைக்காமல், சுற்றிலும் உயிர்வேலி மட்டும் வளர்த்து மாட்டுக்கென்று விட்டுவைத்த காடு. அதில் கொழுக்கட்டைப் புல் தானாக முளைக்கும், மாடு மேயும், மாடு மிதிக்கும், சாணத்தோடு விழுந்த விதை மறுபடி முளைக்கும், வானம் ஏமாற்றினாலும் தூர் காயாமல் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை என்பதால் அதை வெள்ளாமை என்று சொல்லமாட்டார்கள், வேலிக்குள் நிற்பதால் காட்டுச்செடி என்றும் சொல்லமாட்டார்கள், புல்லு என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். பங்குனி மாதத்தில் ஒரு காலையில் அந்தப் புல், நுனியில் எப்போதும் வைத்திருக்கும் பூனைவால் மாதிரியான பஞ்சுக் கொத்துக்குப் பதிலாக, ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியான கம்பங்கதிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூருக்கு ஏழெட்டுக் கதிர், நாலு ஏக்கர் முழுக்க. அந்த எடைக்குத் தாள் வளையக்கூட இல்லை.

முதல் கதிரை ஆத்தாளுக்குக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். கதிர் கட்டியாகிவிட்டால் அந்தக் காடு வெள்ளாமைக்காடு. அறுப்பு முடிகிறவரை ஒரு மாட்டின் வாயும் அதற்குள் போகக்கூடாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து கணவன் சாகிறவரை இருபது வருஷம் பாவாயி முதல் கதிர் கட்டியிருக்கிறாள். கதிரைப் பார்த்ததும் கை தன் வேலையைச் செய்துவிட்டது. மயிலைக்கு வாயை மூடிவிட்டோம் என்பது அவள் புத்திக்கு எட்டும் முன்பே கை அதைச் செய்துவிட்டது.

பஞ்சத்தில் அவள் ஐந்து மாடுகளைச் சந்தைக்குத் தாட்டிவிட்டிருந்தாள். ஒவ்வொன்றைத் தாட்டும்போதும், நாலு ஏக்கர் புல்லு மயிலை ஒருத்திக்குப் போதும் என்று சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டாள். மயிலை நிறைசினை. அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் அந்த மாடும் அதன் வயிற்றில் இருந்ததும்தான்.

அன்று மத்தியானமே கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியதனக்காரர் அங்கப்பன் கதிரை மூன்று தடவை முகர்ந்து பார்த்தார்.

"புல்லுல வெளஞ்சா அது புல்லுங்களா, கம்புங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அம்மிணிதான் கட்டிப்போட்டாளே. இனி என்ன பேச்சு. வெள்ளாமைதான்," என்றார் அங்கப்பன்.

"மாமா, கை பழக்கத்துல கட்டிப்போட்டனுங்க," என்றாள் பாவாயி. "செனை மாடு ஒண்ணு கெடக்குதுங்க. இன்னும் இருவது நாள்ல ஈனிருமுங்க."

"நாலு ஏக்கர் கதிரு நாலு நாள் வேலை. ஊரே எறங்கிக் கொய்துபோடலாம். அப்பறம் உம்மட மாடு உள்ள நின்னு கூத்தே கட்டட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். ரேசன் கடை பூட்டி மூன்று மாதம் ஆகியிருந்த ஊரில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது. பாவாயியும் சிரித்துவிட்டுச் சரி என்றாள்.

நாலு நாளில் கொய்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் முதலில் கொய்த தூர்களில் மறுபடியும் கதிர் முற்றி நின்றது. அதைக் கொய்து முடிக்கும்போது அடுத்த மூலை முற்றியிருந்தது, அதைக் கொய்யும்போது அதற்கடுத்தது, இப்படியே காடு சுற்றிச் சுற்றி முற்றிக்கொண்டே இருந்ததால் அறுப்பு முடிந்தது என்று சொல்ல ஒரு நாள் வாய்க்கவே இல்லை. தாளையாவது அறுத்து மாட்டுக்குப் போடுகிறேன் என்று பாவாயி கேட்டபோது, தாளை அறுத்தால் கதிர் எதில் வரும் என்று திருப்பிக் கேட்டார்கள். அது நியாயமாகத்தான் இருந்தது.

ஊர் அந்த அதிசயத்துக்குப் பழகிக்கொண்ட வேகம் அதிசயத்தைவிடப் பெரிது. ஒரு வாரத்துக்குள் அதற்குப் புல்லுக்கம்பு என்று பேர் வந்தது. பத்து நாளுக்குள் இன்ன கிழமை இன்ன தெரு கொய்வது என்று முறை வந்தது. கொறங்காட்டுக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்று யாரும் சொல்லாமலேயே எல்லாரும் கழற்றிவிட்டு நடந்தார்கள். கிளி விரட்டப் பரண் கட்டி, அதன்மேல் கவண்கல்லோடு ரங்கமுத்துவை உட்கார வைத்தார்கள். ஊர்க்காவலும், வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்கும் பவுண்டும் எப்போதுமே அவன் பொறுப்பில்தான் இருந்தன. குழந்தைகளின் கன்னம் ஒட்டல் மாறியது, பெண்கள் இடுப்பில் சேலை நிற்க ஆரம்பித்தது, தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்களுக்கு மறுபடி நாள் பார்த்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத சொந்தக்கார ஒறம்பரைகள் வெறும் பையோடு வந்து இறங்கினார்கள். வானத்தைப் பார்ப்பதை மட்டும் எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள். மழை வந்தால் புல் மனசு மாறிவிடுமோ என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது.

விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் மொபெட்டில் வந்தார். ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், கதிரைப் பிளந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதும் கம்பும் ஒரே வம்சம்தாம்மா, பங்காளிக," என்றார் பாவாயியிடம். "ஒருத்தன் எந்தக் காலத்துலயோ மனுசன்கூட வீட்டுக்கு வந்துட்டான். இன்னொருத்தன் மாட்டோட வெளியவே நின்னுட்டான்."

"இத்தன காலம் வெளிய நின்னது இப்ப எதுக்குங்க உள்ள வருது?"

"அதை இந்தப் பாரத்துல கேக்கலையே."

அவர் கையிலிருந்த பாரத்தில் பயிர் என்று ஒரு கட்டமும் களை என்று ஒரு கட்டமும் இருந்தன. வெகுநேரம் யோசித்து, இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டின்மேல் பேனாவை அழுத்தி ஒரு புள்ளி வைத்துவிட்டு, இரண்டு படி புல்லுக்கம்பு வாங்கிக்கொண்டு போனார்.

மயிலை காலையில் வந்து வேலியோரம் நின்றால் பொழுது சாயும்வரை நகரவில்லை. பாவாயி சப்பாத்திக்கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி நறுக்கிப் போட்டாள். பனையோலையைக் கிழித்துப் போட்டாள். வெள்வேலங்காயைப் பொறுக்கி வந்து போட்டாள். மாடு மரியாதைக்குத் தின்பதுபோல் தின்றது, தின்றது தண்ணீராகக் கழிந்தது. விலா எலும்புகளுக்குக் கீழே வயிறு மட்டும் தனியாகத் தொங்கியது. இட்டேரியில் வேலிக்கு வெளியே அதே கொழுக்கட்டைப் புல் நாலைந்து தூர் இருந்தது. அது கதிர் வைக்கவில்லை, புல்லாகவே நின்றது, அதை ஊர் ஆடுகள் என்றைக்கோ வேர்வரை கரும்பிவிட்டிருந்தன. தனக்குப் பங்கு வந்த கம்பைப் பாவாயி ஊறவைத்து மாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு கை தின்றதும் வயிறு உப்பி மாடு விழுந்துவிட்டது. அன்று ராத்திரி முழுக்க அதன் விலாவைத் தேய்த்துக்கொண்டே கிடந்தவள் அப்புறம் கம்பு கொடுக்கும் யோசனைக்கே போகவில்லை.

பதினெட்டாம் நாள் உச்சி வெயிலில் மயிலை வேலியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. பாவாயி கள்ளி நறுக்கிய கத்தியோடு ஓடிப்போய்ப் பார்க்கும்போது ரங்கமுத்து அதன் கழுத்தில் கயிறு போட்டுப் பவுண்டுக்கு நடத்திக்கொண்டிருந்தான். மாட்டின் கழுத்தெல்லாம் முள் கிழித்த ரத்தம்.

"ரங்கமுத்து, அது அவ புல்லு."

"தெரியுமுங்க்கா."

"கன்னுக்குட்டியா இருந்ததுலருந்து அங்கதான மேயறா."

"பாக்காத மாதிரி இருந்துக்கலாம்னுதான் நெனச்சனுங்க." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கீழ நாலு பேரு கொய்துட்டிருந்தாங்க. மாட்ட ஆரும் பாக்கலீங்க்கா. எல்லாரும் என்னையப் பாத்தாங்க."

பவுண்டு என்பது கூரையில்லாத கல்மதில் அடைப்பு. அதில் அடைத்த மாட்டை வெளியே விட ஊரில் ஒரே வழிதான் உண்டு. வெள்ளாமைக்காரர் வந்து, 'எனக்குக் கொறையில்லை' என்று நாலு பேர் கேட்கச் சொல்லவேண்டும். சொல்லாதவரை மாடு உள்ளேதான்.

மறுநாள் கோயில் முன்னால் பாவாயி நின்றாள். "வெள்ளாமைக்காரி நாந்தானுங்களே. எனக்குக் கொறையில்லீங்க, மாமா."

அங்கப்பன் அப்பாடா என்று எழப்போனார். கூட்டத்தில் ஒரு குரல், "இருங்க," என்றது. "வெள்ளாமை அவளுதுன்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு அறுப்பு முடிஞ்சுதுன்னு அவளே சொல்லிப்போடுவா. அப்ப நம்ம கதி?"

பெண்கள் மடியிலிருந்த குழந்தைகளை இறுக்கிக்கொண்டார்கள். அங்கப்பன் மறுபடி உட்கார்ந்தார்.

"ஆத்தாளுக்குக் கட்டுனதுக்கப்பறம் அது ஊர் வெள்ளாமை," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஊர் சொல்லட்டும்."

"ஊருன்னா ஆருங்க மாமா?"

"ஊருன்னா... ஊருதான். நாப்பத்திரண்டு வீடு."

"அப்ப நாப்பத்திரண்டு வீட்லயும் போய்க் கேக்கறனுங்க," என்று சொல்லிவிட்டுப் பாவாயி அங்கிருந்தே நடந்தாள்.

அன்று பொழுதடையும்வரையும் மறுநாள் விடிந்ததிலிருந்தும் அவள் வாசல் வாசலாக நின்றாள். அங்கப்பன் வீட்டில் அவர் சொல்வதற்கு முன்பே அவர் மனைவி கொறையில்லை என்று சொன்னாள். தறிக்காரர் வீட்டில் தறியை நிறுத்தாமலேயே சொன்னார்கள். ஒரு வீட்டில் காதுகேளாத கிழவர் கொறை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தன் கொறைகளை எல்லாம் ஒரு நாழிகை சொல்லி அழுதுவிட்டுக் கடைசியில் இல்லை என்றார். ஒருத்தி கஞ்சி குடித்தால்தான் சொல்வேன் என்றாள், பாவாயி நின்றபடியே குடித்தாள், அது புல்லுக்கம்புக் கஞ்சி, ருசியாக இருந்தது. ஒருவன் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கொறையில்லை என்று கத்தினான். தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது பாவாயி ஒரு நொடி தயங்கி, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "எனக்குக் கொறையில்லை" என்று தனக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு வீடு முடிந்ததும் பவுண்டுக்கு ஓடி மதிலுக்குமேல் எட்டிப் பார்த்தாள். மாட்டின் வாலடியில் எலும்பு இறங்கிவிட்டிருந்தது. நாள் நெருங்கிவிட்டது.

நாற்பத்தொரு வீடு ஆயிற்று. கடைசி வீடு சரசாளுடையது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். அன்று கொய்வது அவள் தெரு முறை.

"சொல்லமாட்டனுங்க்கா," என்றாள், பாவாயி வாயைத் திறக்கும் முன்பே.

"சரசு."

"நாலு புள்ளைகளுக்கும் புளியங்கொட்டைய அவிச்சுக் குடுத்தவ நான். சின்னவ வயித்தால போயி கண்ணு சொருகிக் கெடந்தப்ப நீங்கதான வந்து பாத்தீங்க. அதுக்கு அடுத்த நாள்தான் நீங்க கதிரோட ஓடி வந்தீங்க."

"எனக்குத் தெரியாதா சரசு. ஒரே ஒரு மாடு."

"இன்னைக்கு மாட்டுக்குச் சொன்னா நாளைக்கு ஆட்டுக்குச் சொல்லணும். அப்பறம் மறுபடி புல்லாவே போயிரும்."

"அது புல்லுதான."

"எம் புள்ளைக வயித்துக்குள்ள போனதுக்கப்பறம் அது புல்லு இல்லீங்க்கா." சரசாள் கதவை இழுத்துச் சாத்தினாள். "கெட்டவன்னு நெனச்சுக்கங்க, போனாப் போச்சாது."

"நெனைக்கல. சொல்லுன்னுதான் கேக்கறேன்."

சரசாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தாள். பாவாயி அந்த வாசலிலேயே, யாரும் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனிப் போய்க் கேட்க வேறு வாசல் இல்லை என்பதால் நின்றாள். அப்போதுதான் ரங்கமுத்து தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா, மாடு படுத்துருச்சு!"

பவுண்டுக்குள் நிழல் இல்லை. மயிலை கல்மதிலோரம் காலை நீட்டிக் கிடந்தது, வாயோரம் நுரை, கண் பாதி மூடியிருந்தது. கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் தெரிந்தன, மூக்கு தெரிந்தது, அதற்குமேல் வரவில்லை. முக்குவதற்கு மாட்டிடம் பலம் இல்லை. பாவாயி மண்ணில் உட்கார்ந்து, பாதங்களை மாட்டின் தொடையில் உதைகொடுத்து, வழுக்கும் கால்களைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "முக்கு சாமி, முக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாடு ஒவ்வொரு தடவை மூச்சைப் பிடிக்கும்போதும் இழுத்தாள், விடும்போது தளர்த்தினாள். ரங்கமுத்து கவண் கயிற்றைத் தோளில் போட்டபடியே அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டான். மதிலைச் சுற்றி ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியில் மாடு ஒரு தடவை, தொண்டையிலிருந்து வராத ஒரு சத்தத்தில் கத்தியது, கன்று பாவாயியின் மடியில் வந்து விழுந்தது. அவள் கன்றின் மூக்கிலிருந்த கோழையை வாயால் உறிஞ்சித் துப்பினாள். வைக்கோலுக்கு வழியில்லாததால் தன் சேலையால் அதைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது தும்மியது.

"காளைங்களா, கெடேறிங்களா?" என்று மதிலுக்கு மேலிருந்து ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"கெடேறி," என்றான் ரங்கமுத்து.

மாடு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குமுன் கன்று நாலு தடவை விழுந்து ஐந்தாம் தடவை நின்றுவிட்டது. அங்கப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து காணாமல் போயிருந்த குறும்பு அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"ரங்கமுத்து, அந்தக் கன்னு ஆரு வெள்ளாமையில மேஞ்சுது?"

"எதுலயும் மேயலீங்களே. இப்பத்தான பொறந்துச்சு."

"அப்ப எதுக்கு அதை உள்ள அடச்சு வெச்சிருக்கற?"

ரங்கமுத்து யோசித்துவிட்டு எழுந்துபோய்ப் பவுண்டின் கதவைத் திறந்தான். "கன்னு போகலாமுங்க. மாடு?"

"ஈரங்காயாத கன்னைத் தாயில்லாம தனியாத் தாட்டிவிடற ஊரா இது?" என்று அங்கப்பன் உரக்கக் கேட்டார். கேள்வி ஊருக்குத்தான். ஊர் பதில் சொல்லாததால் அது முடிந்துபோனதாக ஆயிற்று.

கன்று வெளியே வந்தது. மயிலை அதை நக்கிக்கொண்டே பின்னால் வந்தது. பாவாயியின் வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்பவேண்டும், மயிலை இடது பக்கம் இட்டேரியில் இறங்கியது, கன்று அதன் காலடியில் தடுமாறிக்கொண்டு போனது. பாவாயி திருப்பவில்லை. ரத்தமும் நீரும் காய்ந்து விறைத்த சேலையோடு பின்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் ஊர் நடந்தது. கொய்கிறவர்கள் போய்வரக் கொறங்காட்டின் படல் திறந்துகிடந்தது. முதலில் கன்று நுழைந்தது.

"தடுக்கட்டுங்களா?" என்று ரங்கமுத்து கேட்டான்.

"கன்னுதான போகுது," என்றார் அங்கப்பன்.

பின்னாலேயே மயிலையும் போயிற்று. ஊர் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. பாவாயியும் நின்றாள். உள்ளே சரசாள் மட்டும் குனிந்து கொய்துகொண்டிருந்தாள், மடி நிறையக் கதிர், பக்கத்தில் பாதி நிறைந்த கூடை. மயிலை அவளிடமிருந்து நாலு எட்டில் இருந்த ஒரு தூருக்குப் போய்த் தலையைக் கவிழ்த்து, கதிரையும் தாளையும் சேர்த்து அடியோடு வாயில் வளைத்து இழுத்தது. புல் அறுபடும் சத்தம் வேலிவரை கேட்டது. சரசாளின் கை ஒரு கதிரின்மேல் அப்படியே நின்றது.

சரசாள் கத்தினால் போதும். ஒரு சொல் சொன்னால் போதும், ரங்கமுத்து உள்ளே போய்த்தான் ஆகவேண்டும், ஊர் அவன் பின்னால் போய்த்தான் ஆகவேண்டும்.

சரசாள் கதிரை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை ஒடித்தாள். மயிலை அடுத்த தூருக்கு நகர்ந்து அதையும் வாயில் வளைத்தது. இப்போது இருவருக்கும் நடுவே ஒரு எட்டுத்தான் இருந்தது, நடுவில் கன்று, பால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே முட்டிக்கொண்டு, அங்கே ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, சரசாளின் சேலையை முட்டியது. அவளுடைய இரண்டு கையிலும் கதிர் இருந்தது. அவள் நிமிரவில்லை, யாரையும் பார்க்கவில்லை. முழங்காலால் கன்றின் பின்புறத்தை அணைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போய்க் காம்படியில் விட்டுவிட்டு, அடுத்த தூருக்குக் குனிந்தாள்.